கண்காணிப்புக் கேமரா: படம் எங்கே தொலைகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டுவது என் தொழில். மாட்டும் நாளில் விலையைத் தவிர யாரும் எதுவும் கேட்பதில்லை. கேள்விகள் வருவது ஏதாவது காணாமல் போன மறுநாள். அப்படி வந்தவற்றையும் ஃபோனில் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான பதில்களுக்கு அடியில் ஒரே விஷயம்தான் கிடக்கிறது: லென்ஸுக்குள் நுழைந்த படம் முழுசாக ஹார்டு டிஸ்க்கைப் போய்ச் சேருவதே இல்லை. முதலில் கேமராவே ஒரு பகுதியை வேண்டுமென்று கழிக்கிறது. மிஞ்சியதில் கொஞ்சம் கேபிள் வழியில் சிந்துகிறது. எதைக் கழிக்கலாம், எங்கே சிந்தலாம் என்று நாம் செட்டிங்கில் சொல்லாவிட்டால் பெட்டி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துகொள்ளும்.

நாலு மெகாபிக்சல் என்று சொல்லித்தானே விற்றார்கள்? ஓடுகிறவன் முகம் ஏன் மெழுகு உருகின மாதிரி இருக்கிறது?

மெகாபிக்சல் என்பது பாத்திரத்தின் அளவு. அதற்குள் எவ்வளவு விவரம் இருக்கிறது என்பதைச் சொல்வது பிட்ரேட், அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்ற அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு மெகாபிக்சலில் பாதிதான் வரும், 1920-க்கு 1080 என்ற ஃபுல் எச்டி படத்தையே எடுத்துக்கொள்வோம்: 20,73,600 புள்ளிகள். நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் தெரிகிற அளவு நிற வித்தியாசம் தெரியாது. அதனால் கேமரா நிறத் தகவலை முதலிலேயே கால்பங்காக்கிவிடும். அதற்குப் பிறகும் ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், பெருக்கி வருவது நொடிக்கு 622 மெகாபிட். பதிவு செய்யும் பெட்டியான என்விஆரில் அந்தக் கேமராவுக்கு நாம் ஒதுக்கியிருப்பது 4 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 4 மெகாபிட். பல கடைகளில் 2 தான். 155 மூட்டையை ஒரு மூட்டைக்குள் அமுக்குகிற வேலை இது.

எப்படி அமுங்குகிறது? அசையாத சுவரையும் தரையையும் திரும்பத் திரும்ப அனுப்பாமல் விடுவது பெரிய மிச்சம். அடுத்த மிச்சம் ரவுண்டு பண்ணுவதில். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பெரிய அலை, நடுத்தர அலை, நுணுக்கமான அலை என்று எண்களாக மாற்றுகிறார்கள். பிறகு அந்த எண்களைச் சில்லறை இல்லாத கடைக்காரர் மாதிரி முழுத்தொகையாக்குகிறார்கள். நுணுக்கமான அலைகளின் எண்கள் பொதுவாகச் சிறியவை. ரவுண்டு செய்தால் அவை பூஜ்யமாகிவிடும். புருவம், தழும்பு, சட்டைக் கோடு எல்லாம் அந்த நுணுக்கத்தில்தான் இருக்கின்றன. எச்.264 என்ற அமுக்கும் முறையில் இந்த ரவுண்டு அளவு 0 முதல் 51 வரை போகும். ஒவ்வொரு 6 படி ஏறும்போதும் முரட்டுத்தனம் இரட்டிப்பாகும்.

சுவர் சும்மா இருக்கும்போது 2 எம்பிபிஎஸ் தாராளம். ஒருவன் ஓடினால் அந்த இடத்துக்கு மட்டும் திடீரென்று நிறைய பிட் வேண்டும். அப்போது உச்சவரம்பு இடிக்கிறது; படத்தை அமுக்கும் என்கோடர் ரவுண்டு அளவை ஏற்றிவிடுகிறது. நமக்கு எது வேண்டுமோ அது நடக்கிற நேரத்தில்தான் படம் மோசமாகிறது.

இரவில் இன்னொரு காரணமும் சேரும். வெளிச்சம் போதாமல் ஷட்டர் நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், நடக்கிறவன்கூட இழுபட்டுத்தான் பதிவாவான். அதற்குப் பிட்ரேட்டைக் கூட்டிப் பயனில்லை. ஒரு பல்பு போடுங்கள்.

ஐ-ஃபிரேம் இன்டர்வல் என்று ஒரு செட்டிங் இருக்கிறதே, அதை என்ன வைப்பது?

கடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் தலையில் முன் இருப்பு. அதன் கீழே வரவும் செலவும் மட்டும். ஒவ்வொரு வரியிலும் மொத்த இருப்பை எண்ணி எழுதுவதில்லை. ஐ-ஃபிரேம் என்பது முன் இருப்பு, தன்னளவில் முழுமையான படம். அதற்குப் பின் வருகிற பி-ஃபிரேம்கள் போன படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதுகிற வரிகள். இடையில் ஒரு வரி அழிந்துபோனால், அடுத்த முன் இருப்பு வரும்வரை கீழே உள்ள கூட்டல் எல்லாம் தப்பு.

25 ஃபிரேம் ஓடும் கேமராவில் இன்டர்வல் 50 என்றால் 2 நொடிக்கு ஒரு முழுப்படம். நான் வைப்பது இதுதான். 25 வைத்தால் பிளேபேக்கில் தேடுவது சுலபம், ஆனால் அதே பிட்ரேட்டில் முழுப்படங்களே பெரிய பங்கைத் தின்றுவிடும். 200 வைத்தால் டிஸ்க் மிச்சமாகும். ஒரு வரி அழிந்தால் 8 நொடி கோளாறு. திருட்டுக்கு 8 நொடி போதும்.

ஃபிரேம் ரேட்டைக் குறைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 25-லிருந்து 12-க்கு இறக்கிவிட்டு இன்டர்வலை 50-லேயே விட்டால், முழுப்படம் 4 நொடிக்கு ஒன்றாகிவிடும். எண்ணிக்கை ஃபிரேமில் இருக்கிறது, நொடியில் இல்லை.

முன்னும் பின்னும் பார்த்துக் கணக்கிடுகிற இருதிசை ஃபிரேம் ஒன்றும் உண்டு. பின்னால் வரப்போகும் படத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால் நேரலைக் கேமராக்களில் பெரும்பாலும் அது இருக்காது.

எச்.264-ஆ, எச்.265-ஆ?

எச்.264 வந்தது 2003-ல், எச்.265 வந்தது 2013-ல். பழையது படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்யும். புதியது 64-க்கு 64 வரை பெரிய கட்டம் எடுக்கும். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் உள்ளே பிளந்துகொள்ளும். வெறும் சுவர், காலி முற்றம், வானம் என்று சலனமில்லாத பரப்பு நிறைய இருக்கும் கேமராப் படத்துக்கு இது மிகப் பொருத்தம். அதே தரத்துக்குப் பாதி பிட் போதும் என்பது எச்.265-ஐ உருவாக்கியவர்கள் வைத்த இலக்கு. நான் வேலை செய்த இடங்களில் பகலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்பதைத்தான் நம்பிச் சொல்வேன். இரவு இரைச்சலில் அந்த மிச்சமும் சுருங்கும்.

என் வழக்கம்: பதிவாகும் மெயின் ஸ்ட்ரீமுக்கு எச்.265, ஃபோனில் பார்க்கும் சப் ஸ்ட்ரீமுக்கு எச்.264. எச்.265-க்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்பவர்கள் ஒரே குழுவாக இல்லாமல் பலராகப் பிரிந்திருந்ததால் பிரௌசர்கள் அதைச் சேர்க்க நெடுநாள் தயங்கின. பழைய கணினியில் இன்றும் அது திணறும். எச்.264 எதிலும் ஓடும்.

264+, 265+ என்று கம்பெனிகள் சேர்க்கும் ‘பிளஸ்’ தனித் தரமில்லை. அசைவு இல்லாதபோது முழுப்படங்களின் இடைவெளியைத் தானாக நீட்டுவது, பின்னணியை மட்டும் அதிகமாகக் கழிப்பது போன்ற உத்திகள் அவை. ஆக்சிஸ் நிறுவனம் 2015-ல் சிப்ஸ்ட்ரீம் என்ற பெயரில் கொண்டுவந்ததும் இந்த வகைதான். ஆளில்லாத குடோனுக்கு அருமையாக இருக்கும். பஸ் ஸ்டாண்டைப் பார்க்கும் கேமராவில் போட்டால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வேறு கம்பெனி என்விஆரோடு சேர்த்தால் பிளேபேக்கில் குதிக்கவும் செய்யலாம். அப்படி இருந்தால் முதலில் பிளஸ்ஸை அணைத்துப் பாருங்கள்.

எம்ஜேபெக் இன்னும் மெனுவில் இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படம் என்பதால் டிஸ்க்கைக் குடித்துவிடும். 1996-ல் ஆக்சிஸ் விற்ற முதல் நெட்வொர்க் கேமரா அந்த ஜேபெக் படங்களைத்தான் அனுப்பியது, அதுவும் வீடியோ என்று சொல்ல முடியாத வேகத்தில். இன்று தொழிற்சாலைப் பரிசோதனைக்கு அது உதவலாம், கடைக்கு வேண்டாம்.

சிபிஆர், விபிஆர் இரண்டில் எது? பிட்ரேட் எவ்வளவு?

சிபிஆர் என்றால் என்ன நடந்தாலும் நொடிக்கு இவ்வளவு பிட். விபிஆர் என்றால் தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கும், நீங்கள் கொடுத்த உச்சவரம்பைத் தாண்டாது. காலி அறைக்கும் 4 மெகாபிட் செலவழிக்கும் சிபிஆர் எனக்குப் பிடிக்காது. விபிஆர் வைத்து உச்சவரம்பைத் தாராளமாகக் கொடுப்பேன். எச்.265-ல் 4 மெகாபிக்சல் வாசல் கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ், கல்லாப்பெட்டிக்கு மேலே இருப்பதற்கு 6, மாடிப்படிக்கு 2. எல்லாக் கேமராவுக்கும் ஒரே எண்ணை நகலெடுத்துப் போடுவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், வேலைக்கு உதவாது.

இரவு இரண்டு மணிக்கு ஒருவர் கூட இல்லாதபோது பிட்ரேட் ஏறி நிற்பதைப் பார்த்துப் பலர் கேமரா பழுது என்று நினைக்கிறார்கள். இருட்டில் சென்சார் சிக்னலைப் பெருக்கும்போது புள்ளிப் புள்ளியாக இரைச்சல் வருகிறது. அது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவது. போன படத்தை வைத்து ஊகிக்க முடியாது. என்கோடருக்கு இரைச்சலும் அசைவுதான். மழையும் அப்படித்தான், காற்றில் ஆடும் வேப்பங்கிளையும் அப்படித்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய தொந்தரவு, அகச்சிவப்பு விளக்கின் இளஞ்சூட்டையும் பூச்சியையும் தேடி வந்து லென்ஸுக்கு முன்னால் வலை பின்னும் சிலந்தி. அந்த வலை அசைய அசைய ஃபிரேம் முழுக்க மாறும். மாதம் ஒரு முறை துடைப்பம் காட்டினால் டிஸ்க்கில் நாள் கூடும் என்று நான் சொன்னபோது ஒரு மில் முதலாளி சிரித்தார். பிறகு மேனேஜரிடம் சொல்லிச் செய்தார்.

எனக்கு 30 நாள் பதிவு வேண்டும். எத்தனை டிபி டிஸ்க்?

4 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அரை மெகாபைட். ஒரு மணிக்கு 1.8 ஜிபி, ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. 8 கேமராவுக்கு ஒரு நாளைக்கு 345.6 ஜிபி, 30 நாளைக்கு ஏறக்குறைய 10.4 டிபி. 4 டிபி டிஸ்க் வைத்தால் பதினோரு நாளில் பழையது அழியத் தொடங்கும். டிஸ்க்கின் அட்டையில் 1 டிபி என்று இருப்பது கணினியில் 931 ஜிபி என்று தெரியும். எண்ணும் முறையின் வித்தியாசம் அது, யாரும் திருடவில்லை.

இது உச்சவரம்புக் கணக்கு. விபிஆரில் நிஜச் செலவு குறைவாக இருக்கும். ஆனால் தீபாவளி வாரத்தில் கடை நிரம்பி வழியும்போது செலவு உச்சவரம்பை ஒட்டியே போகும். திருட்டு நடக்க அதிக வாய்ப்புள்ள வாரமும் அதுவே என்பதால் நான் உச்சவரம்பை வைத்துத்தான் டிஸ்க் சொல்வேன்.

என்விஆரின் விவரத்தாளில் இன்கமிங் பேண்ட்வித் என்று ஓர் எண் இருக்கும். எல்லாக் கேமராக்களின் பிட்ரேட்டையும் கூட்டி அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். எத்தனை சேனல் என்பதை மட்டும் பார்த்து வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

ஆர்டிஎஸ்பி, ஆர்டிபி இரண்டும் ஒன்றா?

இல்லை. கேமராவும் என்விஆரும் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் இரண்டு விதிமுறைகள் இவை: ஆர்டிஎஸ்பி பேசுகிறது, ஆர்டிபி சுமக்கிறது.

என்விஆர் கேமராவின் 554-ஆம் போர்ட் என்ற வாசலைத் தட்டி, ‘உன்னிடம் என்ன இருக்கிறது, சொல்’ என்று கேட்கும். கேமரா ‘எச்.265 வீடியோ ஒன்று, ஆடியோ ஒன்று’ என்று பட்டியல் தரும். ‘இந்த வழியாக அனுப்பு’, ‘ஓட்டு’, ‘நிறுத்து’ என்று உரையாடல் தொடரும். கொலம்பியா பல்கலைக்கழகம், நெட்ஸ்கேப், ரியல்நெட்வொர்க்ஸ் மூன்று இடத்து ஆட்களும் சேர்ந்து எழுதி, 1998-ல் ஆர்எஃப்சி 2326 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது இந்த ஆர்டிஎஸ்பி. 2016-ல் இரண்டாம் பதிப்பு வந்தும் கேமரா உலகம் பழையதிலேயே நிற்கிறது.

படத்தைத் துண்டு துண்டாக எடுத்துப் போவது ஆர்டிபி. ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு வரிசை எண், ஒரு நேர முத்திரை. வரிசை எண்ணில் இடைவெளி விழுந்தால் துண்டு தொலைந்தது என்று என்விஆருக்குத் தெரியும். நேர முத்திரை நொடிக்கு 90,000 துடிப்பில் ஓடும் கடிகாரம். 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 3,600 துடிப்பு. துண்டுகள் தாறுமாறான இடைவெளியில் வந்து சேர்ந்தாலும் படம் சீராக ஓடுவதற்கு இந்த முத்திரைதான் காரணம்.

செட்டிங்கில் டிசிபி, யுடிபி என்று கேட்கிறதே. எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டும் துண்டுகளை நெட்வொர்க்கில் அனுப்பும் முறைகள். மாடி கட்டும்போது செங்கல் கைமாற்றும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். டிசிபியில் ஒரு கல் கீழே விழுந்தால், அதே கல் மறுபடி மேலே வரும்வரை கொத்தனார் அடுத்த கல்லைத் தொடமாட்டார். பின்னால் வந்த கற்கள் கையிலேயே காத்திருக்கும். சுவரில் ஓட்டை விழாது, ஆனால் வேலை நின்று நின்று நடக்கும். யுடிபியில் விழுந்தது விழுந்ததுதான். கை நிற்காது, சுவரில் அங்கங்கே ஓட்டை இருக்கும்.

நேரலையாகப் பார்ப்பவருக்கு ஓட்டை பரவாயில்லை. பதிவுக்கு ஓட்டை கூடாது. அதனால் பதிவு செய்யும் என்விஆருக்கு நான் டிசிபிதான் வைக்கிறேன். இதில் ஆர்டிபி துண்டுகள் தனிப் பாதையில் போகாமல், ஆர்டிஎஸ்பி பேசிக்கொண்டிருக்கும் அதே இணைப்புக்குள் ஊடுசரமாகப் போகும். ஒரே போர்ட் என்பதால் ஃபயர்வால் தொல்லையும் குறைவு. ஜாய்ஸ்டிக் பிடித்துக் கேமராவைத் திருப்புகிற கண்காணிப்பு அறையில் மட்டும் யுடிபி. அங்கே அரை நொடித் தாமதம்கூடக் கையைக் கெடுக்கும்.

டிசிபி என்று மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. வழியே குறுகலாக இருந்தால் டிசிபியால் அதை அகலப்படுத்த முடியாது. விழுந்த கல்லையே மறுபடி மறுபடி தூக்கிக்கொண்டிருக்கும். கேமராவின் சின்ன நினைவகம் நிறைந்து, அது ஃபிரேம்களை விட்டுவிடும், இல்லையென்றால் இணைப்பையே அறுத்துவிடும். யுடிபியில் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்த கோளாறு டிசிபியில் டைம்லைனில் வெள்ளை இடைவெளியாகத் தெரியும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

படத்தின் கீழ்ப்பாதி இழுபடுகிறது, சில நேரம் பச்சையாகிறது. கேமரா போய்விட்டதா?

அநேகமாக இல்லை. துண்டுகள் தொலைகின்றன. ஃபிரேம் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால், நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் அதற்குக் கீழே உள்ளது பாழாகும். அடுத்த ஐ-ஃபிரேம் வந்ததும் தெளிந்துவிடும். பச்சை ஏன் என்றால், வெளிச்சமும் இரண்டு நிற எண்களும் பூஜ்யமாக இருக்கும் புள்ளியைத் திரையில் காட்டினால் அது கரும்பச்சையாக விழும். தகவல் வராத இடத்தை, அமுக்கிய படத்தை விரிக்கும் டிகோடர் பூஜ்யமாகவே விட்டிருக்கிறது.

சரி, துண்டுகள் ஏன் தொலைகின்றன? இந்தக் கேள்வியில் நானே இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். ஒரு கல்யாண மண்டபம். 8 கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ், ஒரே 8 போர்ட் ஸ்விட்ச், அதன் தனி அப்லிங்க் போர்ட்டிலிருந்து என்விஆருக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்பு. கூட்டினால் 32 தான், வழியோ 100. எங்கே நெரிசல்? கேமராவை மாற்றினேன், என்விஆரை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை.

சராசரியைப் பார்த்து ஏமாந்திருந்தேன். 4 மெகாபிக்சல் ஐ-ஃபிரேம் ஒன்று 150 கிலோபைட் இருக்கும். ஈதர்நெட்டில் ஒரு பொதிக்கு 1,500 பைட் எல்லை என்பதால் அது நூற்றுச் சொச்சம் துண்டுகளாகி ஒரே மூச்சில் கிளம்பும். மின்சாரம் போய் வந்தபோது எட்டுக் கேமராவும் ஒன்றாக உயிர்த்தெழுந்ததால் எட்டும் ஒரே நேரத்தில் ஐ-ஃபிரேம் அனுப்பிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் எல்லா வகுப்பும் ஒரே கேட்டுக்கு ஓடி வருவது மாதிரி. 1.2 மெகாபைட் வந்து மோத, மலிவு ஸ்விட்சின் பஃபர், அதாவது வந்ததைக் காத்திருக்க வைக்கும் நினைவகம், பெரும்பாலும் சில நூறு கிலோபைட்தான். நிரம்பி வழிந்ததை அது எறிந்துவிட்டது. அப்லிங்க் மட்டும் கிகாபிட் உள்ள ஸ்விட்சை வைத்ததும் கோளாறு நின்றது. செலவு, நான் அலைந்த பெட்ரோலைவிடக் குறைவு.

ஸ்விட்சைப் பார்ப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள். செம்பு என்ற பெயரில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி விற்கும் சிசிஏ கேபிள், 90 மீட்டர் இழுத்து அதிலேயே கேமராவுக்கான மின்சாரத்தையும் (பிஓஇ) ஏற்றினால் இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும் நேரம் பார்த்துக் கேமரா ரீஸ்டார்ட் ஆகும். ஈதர்நெட்டின் எல்லை 100 மீட்டர். ‘இன்னும் இருபது மீட்டர்தானே’ என்று இழுத்துவிட்டு வரும் வேலை மழைக்காலத்தில் திரும்பக் கூப்பிடும். கிரிம்ப் சரியில்லாத ஒரு முனையும் இதே அறிகுறியைக் காட்டும்.

ஃபோனில் பார்த்தால் ஐந்து நொடி பின்தங்கி வருகிறது. நெட் வேகம் 100 எம்பிபிஎஸ் இருக்கிறதே?

அந்த 100 பெரும்பாலும் இறக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது ஏற்றும் வேகம். அதோடு, தாமதம் ஓரிடத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. என்கோடர் கொஞ்சம் எடுக்கும், துண்டுகள் சீராக வர ஆப் ஒரு பஃபர் வைத்துக்கொள்ளும், நேராக இணைக்க முடியாதபோது கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிவரும், புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் அடுத்த ஐ-ஃபிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும். கூட்டினால் ஐந்து நொடி ஆகிவிடும்.

ஃபோனுக்குச் சப் ஸ்ட்ரீம் போதும். 640-க்கு 360, நொடிக்கு 10 ஃபிரேம், 256 அல்லது 512 கேபிபிஎஸ். கையளவு திரையில் 4 மெகாபிக்சல் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மெயின் ஸ்ட்ரீம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டு செய்யச் சொன்னார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். வெளியிலிருந்து வருகிறவர் நேராகக் கேமராவை எட்டும்படி ரவுட்டரில் வாசல் திறந்துவைப்பது அது. உங்களால் செய்யவே முடியாமலும் போகலாம்: ரவுட்டரின் இணையப் பக்கத்து (WAN) முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து உங்கள் கதவுக்கு வழியே கிடையாது.

வழி இருந்தாலும் கூடாது என்பதற்கு 2016 போதும். மிராய் என்ற நிரல் இணையத்தில் திறந்துகிடந்த கேமராக்களையும் டிவிஆர் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் தேடிப் போய், டெல்நெட் என்ற தொலைநுழைவு வாசலில் கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டுகளை முயன்று பார்த்தது. அதன் பட்டியலில் இருந்தவை அறுபது சொச்சம் ஜோடிகள்தான். அவ்வளவே போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட பெட்டிகள் ஒன்றாகச் சேர்ந்து தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பெரிய தளங்கள் பலருக்குத் திறக்காமல் போயின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவர்கள் திரையில் படம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

கியூஆர் கோடு ஸ்கேன் செய்து சேர்க்கும் பி2பி முறையில் கேமராவே உள்ளிருந்து கம்பெனி சர்வரை அழைக்கிறது. சர்வர் இரு பக்கத்தையும் அறிமுகப்படுத்தி யுடிபியில் ஒரு துளை போட முயலும். முடியாவிட்டால் படத்தைத் தன் வழியே கடத்தும். வசதியானது, ஆனால் உங்கள் வீட்டின் சாவி அந்தக் கம்பெனியிடம் இருக்கிறது. கடைக்கு என்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கிய தனிப்பாதை) போட்டுத்தருவேன். ஆர்டிஎஸ்பியும் ஆர்டிபியும் சாதாரணமாகப் போகும்போது படம் மறையாக்கம் இல்லாமல்தான் போகிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பிரௌசரில் ஆர்டிஎஸ்பி முகவரியைப் போட்டால் ஏன் ஓடவில்லை?

பிரௌசருக்கு அந்த மொழி தெரியாது. முன்பு பிளகின் வழியாக ஓட்டினார்கள். குரோம் 2015-ல் அந்தப் பழைய பிளகின் வாசலை மூடிவிட்டது. இப்போது நடுவில் ஒரு பெட்டி ஆர்டிஎஸ்பியை வாங்கி, பிரௌசரில் ஓடும் வெப்ஆர்டிசியாகவோ எச்எல்எஸ்ஸாகவோ மாற்றித் தர வேண்டும். எச்எல்எஸ் படத்தைச் சில நொடிக் கோப்புகளாக வெட்டி அனுப்புவதால் தாமதம் அதிகம். சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் விஎல்சி பிளேயர் போதும்.

ஒரு கம்பெனி கேமரா, இன்னொரு கம்பெனி என்விஆர். சேருமா?

ஆன்விஃப் இருந்தால் சேரும், முழுசாகச் சேராது. ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் 2008-ல் தொடங்கிய பொது ஏற்பாடு அது. சுயவிவரம் எஸ் (Profile S) என்றால் அடிப்படை வீடியோ, எச்.265-ம் வேண்டுமென்றால் சுயவிவரம் டி (Profile T) இருக்கிறதா என்று பாருங்கள். படம் வரும், பதிவாகும். ஆனால் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை, ஆள்-வண்டி பிரித்தறிதல் போன்றவை பல நேரம் வராது. ஆன்விஃபுக்கென்று கேமராவுக்குள் தனிப் பயனர் ஒருவரை உருவாக்க வேண்டியிருக்கும். ‘பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் சேரவில்லை’ என்று வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இதற்காகத்தான். இன்னொரு பகுதி, கேமராவின் கடிகாரம் தப்பாக இருப்பதால்.

மல்டிகாஸ்ட்?

ஒரே கேமராவைப் பத்துப் பேர் பார்க்கும்போது பத்துப் பிரதி அனுப்பாமல் ஒன்றை அனுப்பி ஸ்விட்ச் பிரித்துக்கொடுக்கும் முறை. பெரிய கட்டுப்பாட்டு அறைகளுக்கு. எந்தப் போர்ட் கேட்கிறது என்று கவனிக்கும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதி இல்லாத ஸ்விட்சில் போட்டால் அந்த வீடியோ எல்லாப் போர்ட்டிலும் வழியும். வீட்டுக்கும் கடைக்கும் தேவையில்லை.

வைஃபை கேமரா வாங்கலாமா?

கேபிள் இழுக்கவே முடியாத இடத்துக்கு வாங்கலாம். கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு போடுங்கள். காற்றில் துண்டுகள் தொலைந்தாலும் ஒரு பிரதி அங்கே இருக்கும்.

போலீஸ் பதிவைக் கேட்கிறார்கள். ஃபோனில் திரையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

ஆளை அடையாளம் காட்ட அவசரத்துக்கு அனுப்பலாம். அதுவே ஆதாரம் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே 155-ல் ஒன்றாக அமுக்கிய படத்தை ஃபோன் கேமரா மறுபடி அமுக்குகிறது, வாட்ஸ்அப் மூன்றாவது முறை அமுக்குகிறது. நம்பர் பிளேட்டில் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். என்விஆரிலிருந்து பென்டிரைவில் பேக்கப் எடுங்கள், கம்பெனியின் சொந்த வடிவத்திலேயே. அப்போது டிஸ்க்கில் இருந்த பிட்டுகள் அப்படியே வரும், மறு அமுக்கல் கிடையாது. அதை ஓட்டும் பிளேயரையும் கூடவே சேமிக்கவும். எம்பி4 ஆக மாற்றிய பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி இதற்குச் சான்றிதழும் வேண்டும். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரியான குறியீட்டை, எழுத வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும் என்பதால், பேக்கப் எடுத்தவுடன், யாருக்கும் கொடுக்கும் முன்பே ஹாஷைக் கணக்கிட்டு எழுதிவைப்பது நல்லது.

பேக்கப் எடுக்கும் முன் இன்னொன்று: என்விஆர் திரையின் கடிகாரத்தையும் உங்கள் ஃபோன் நேரத்தையும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். நெட் இல்லாத என்விஆர்கள் மாதக்கணக்கில் நகர்ந்து நகர்ந்து பதினைந்து இருபது நிமிடம் பிசகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என்டிபி நேர ஒத்திசைவை அன்றே போடுங்கள், ஆனால் பேக்கப் எடுத்து முடித்த பிறகு.

பேக்கப் எடுக்கும்வரை பதிவு அழியாமல் இருக்க என்ன செய்வது?

பழையதன்மேல் எழுதும் ஓவர்ரைட்டை அணைக்கலாம், ஆனால் டிஸ்க் நிறைந்ததும் புதுப் பதிவு நின்றுவிடும். பெரும்பாலான என்விஆர்களில் குறிப்பிட்ட கோப்பை மட்டும் லாக் செய்யும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அதுவும் தெரியாவிட்டால் பெட்டியை அணைத்துவிட்டு மாட்டினவரைக் கூப்பிடுங்கள். பதினோரு நாள் டிஸ்க் வைத்திருப்பவர் பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.